பதினான்கு நாள் சீட்டு

அல்சூர் ஏரிக்கரை. டிசம்பர், நாற்பத்து நாலு.
ராணுவம் கொடுத்த பதினான்கு நாளை
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குடியாத்தம் ரயிலில் சில மணி நேரம்தான்.
லீவு இல்லையென்று முகாமிலிருந்தே
அம்மாவுக்குக் கார்டு போட்டாயிற்று.
தம்பியைப் படையில் சேர்க்கக் கூட்டிப்போனது நான்.
அவன் வயதில் இரண்டைக் கூட்டிச் சொன்னதும் நான்.
திரும்பியது நான் மட்டும்.

பெஞ்சின் மறு ஓரத்தில் நீ.
ஊறிய அவரையைத் தூக்குச்சட்டியில் வைத்து
ஒவ்வொன்றாய்ப் பிதுக்கிக்கொண்டிருந்தாய்.
அறையில் ஆறு பெண்கள், ஒரே ஜன்னலாம்.
சிப்பாய்ச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை;
காக்கித் துணி வந்து சேராததால்
பத்து நாள் சம்பளமில்லாத விடுமுறை.
என்னிடம் நீ பேசிய முதல் பேச்சு:
"அந்த மூணாவது பொத்தான் நான் தைச்சதில்ல.
நான் தைச்சா இப்படித் தொங்காது."

மறுநாளும் வந்தாய். அதற்கு மறுநாளும்.
என் விரல்களும் பிதுக்கப் பழகின.
கட்டைவிரலால் அழுத்தினால்
தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போகும்.
பேசாமல் இருக்க அதைவிட நல்ல வேலை கிடையாது.

நான்காம் நாள் கேட்டாய்,
"எந்தப் பக்கம் லாரி ஓட்டறீங்க?"
"பர்மா எல்லை. தாமுவிலேர்ந்து பாலேல்."

ஏரியில் ஒரு நீர்க்கோழி மூழ்கியது.
வெகுதூரம் தள்ளி அது எழும்வரை
நீ வாய் திறக்கவில்லை.

ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவள் நீ.
கப்பல் டிக்கெட் வாங்கப் போன புருஷன்
குண்டு விழுந்த தெருவோடு போனான்.
பையனுக்கு நாலு வயது. மாசிலாமணி.
தாமு தாண்டி மூன்றாவது வளைவில்
வயிற்றுப்போக்கு நின்றது.
எல்லாமே நின்றது.
கையால் தோண்ட முடிந்தது முழங்கை ஆழம்.
மேலே தேக்கிலை, அதன்மேல் மூன்று கல்.

"மூணு கல்லு. பார்த்திருப்பீங்களே?"

பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான்.
தம்பியின் வயதைச் சொன்ன வாய் இது.
பார்த்தேன், யாரோ பூ வைத்திருந்தார்கள் என்று
சொல்ல ஒரு மூச்சு போதும்.

"ரோட்டை அகலம் பண்ணிட்டாங்க" என்றேன்.
"ரெண்டு லாரி எதிரும் புதிருமாப் போகும்.
அந்த வளைவில ஒரு கல்லும் இல்ல.
அது மேலதான் ஓட்டியிருப்பேன்.
நாளைக்கு ரெண்டு நடை."

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய்.
மூடி என் பக்கத்திலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் வரவில்லை. ஆறாம் நாளும்.
ரஸ்ஸல் மார்க்கெட்டில் காகித நட்சத்திரம் விற்றார்கள்.
அந்த மூடியோடு ஊரெல்லாம் அலைந்தேன்.

ஏழாம் நாள் ஊசியும் நூலும் கொண்டுவந்தாய்.
சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.
என் மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் உன் வகிடு,
சீயக்காய் வாசனை.
நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாய்:
"சாமிகிட்ட இருக்கான், சாமிகிட்ட இருக்கான்னே
எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க.
எங்க இருக்கான்னு சொன்னது நீங்கதான்."

அன்றுதான் பெயர் கேட்டேன். வடிவாம்பாள்.
அன்றுதான் தம்பியைப் பற்றியும் சொன்னேன்.
நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
"குடியாத்தம் வண்டி எத்தனை மணிக்கு?"

மீதி நாளில் மூன்றை அங்கே கழித்தோம்.
அம்மா என்னைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.
உனக்குத் தட்டு வைத்தாள். அது போதும்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷன். சீட்டில் கடைசி நாள்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்,
"மூணாவது வளைவுல ஹாரன் அடிப்பீங்களா?"
"கான்வாயில ஹாரன் கூடாது. உத்தரவு."
வண்டி அசையும்வரை யோசித்தாய்.
"அப்ப கியரையாவது மாத்துங்க.
லாரிச் சத்தம் கேட்டா
தூக்கத்திலயும் சிரிப்பான்."

சரி என்றேன்.
அங்கே செங்குத்தான ஏற்றம்,
எந்த லாரியும் கியர் மாற்றித்தான் ஆகவேண்டும்.
அதை மட்டும் நான் சொல்லவில்லை.